சீட்டில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால்: நீலகிரியில் ஹெபடைடிஸ் சி சோதனைக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு இடக்கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சைக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தச் சோதனைகளில், ‘ஆன்டி எச்.சி.வி.’ என்ற வரிக்கு எதிரே ‘ரியாக்டிவ்’ என்று அச்சாகி வந்தது. செவிலியர் அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். “கல்லீரல் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு கண்ணைப் பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சிவப்பு வட்டத்திலிருந்து சரியான மருந்து எங்கள் கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. எந்தச் சோதனைக்குப் பின் எந்தச் சோதனை, எந்தக் கவுன்டருக்குப் பின் எந்தக் கவுன்டர் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான்கைந்து வாரத்தில் முடிந்திருக்கும்.

நாங்கள் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பம். அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர். எங்களைப் போல மலையில் இருந்துகொண்டு, கையில் அந்தச் சீட்டுடன் எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை. அவரிடம் சரியான கேள்வியோடு போய்ச் சேர்வதற்கான வழிதான் இது.

1. முதலில் சீட்டைச் சரியாகப் படியுங்கள்

அறுவைச் சிகிச்சைக்கு முன் தரும் சீட்டில் பெரும்பாலும் மூன்று வரிகள் அடுத்தடுத்து இருக்கும். எச்.ஐ.வி. ஒன்று. எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது ஹெபடைடிஸ் பி. ஆன்டி எச்.சி.வி. என்பது ஹெபடைடிஸ் சி. மூன்றும் வேறு வேறு கிருமிகள்; பி-யும் சி-யும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள். எந்த வரிக்கு எதிரே ‘ரியாக்டிவ்’ என்று இருக்கிறது என்பதை விரலை வைத்துப் பாருங்கள். எங்கள் மாமா ஒருவர் வரி மாற்றிப் படித்து, வீட்டில் இரண்டு நாள் யாரும் சோறு தின்னவில்லை.

அடுத்தது, ‘ஆன்டி எச்.சி.வி. ரியாக்டிவ்’ என்பதன் பொருள். இந்தச் சோதனை வைரஸைத் தேடுவதே இல்லை. வைரஸை எதிர்க்க நம் உடல் உண்டாக்கிய எதிர்பொருளைத்தான் தேடுகிறது. தேயிலைக் காட்டில் காலையில் போனால் ஈர மண்ணில் காட்டெருமையின் குளம்படி பதிந்திருக்கும். இரவில் இங்கே வந்தது என்று அந்தத் தடம் சொல்லும். இப்போது எதிர்ப் புதரில் நிற்கிறதா, சோலைக்குள் போய்விட்டதா என்று சொல்லாது. எதிர்பொருளும் அப்படித்தான். தொற்றியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸைத் தாமாகவே விரட்டிவிடுகிறார்கள். ஆனாலும் எதிர்பொருள் அவர்கள் ரத்தத்தில் பல ஆண்டுகள், பெரும்பாலும் ஆயுள் முழுவதும், தங்கிவிடும். சில சமயம் தொற்றே இல்லாதவருக்கும் சோதனை தவறாக ‘ரியாக்டிவ்’ காட்டுவதுண்டு.

ஆகவே இந்தச் சீட்டு பாதிச் செய்திதான். மீதிப் பாதியைச் சொல்வது வைரஸையே நேராகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனை. அது 4-ஆம் படியில் வருகிறது.

நாங்கள் இங்கே செய்த பெரிய தவறு: முடிவை நம்ப மனம் வராமல், அதே எதிர்பொருள் சோதனையை மறுபடி மறுபடி எடுத்தோம். குன்னூரில் ஒன்று, ஊட்டியில் ஒன்று, மேட்டுப்பாளையத்தில் ஒன்று. மூன்றிலும் அதே ‘ரியாக்டிவ்’. அதே தடத்தை மூன்று முறை குனிந்து பார்த்ததுதான் மிச்சம். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்துக் கேட்க வேண்டியது ஆர்.என்.ஏ. சோதனையை மட்டும்தான்.

எதிர்ப்பக்கம் ஒரு எச்சரிக்கை. சீட்டில் ‘நான்-ரியாக்டிவ்’, அதாவது எதிர்பொருள் இல்லை, என்று வந்தாலும், சமீபத்தில் ஊசி குத்திய விபத்து போல ஏதேனும் நடந்திருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். எதிர்பொருள் உருவாகவே பொதுவாக 8 முதல் 11 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். ஆர்.என்.ஏ. ஓரிரு வாரத்திலேயே தெரியத் தொடங்கும். அந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லி, எப்போது எதை எடுப்பது என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை மீண்டும் பார்ப்பது நல்லது.

2. வீட்டில் தட்டைப் பிரிக்கும் முன்

சீட்டு வந்த அன்று இரவு அம்மா தன் எவர்சில்வர் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறினார். மறுநாள் முதல் அந்த டம்ளர் ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்ந்திருந்தது. பேரன் மடியில் ஏற வந்தால் “வேண்டாம் கண்ணு” என்று எழுந்துவிடுவார். யாரும் அவரைத் தள்ளிவைக்கவில்லை, தானாகவே தள்ளிப் போனார். நாங்களும் சரியாகத் தெரியாததால் தடுக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. எனவே இதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஹெபடைடிஸ் சி ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை, கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது, இருமல், தும்மல், கொசுக்கடி, குடிதண்ணீர் எதனாலும் பரவாது. தாய்ப்பாலால் பரவாது, முலைக்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். தண்ணீராலும் உணவாலும் வருபவை ஹெபடைடிஸ் ஏ, ஈ. ஊரில் எல்லாவற்றையும் ‘மஞ்சள் காமாலை’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

சி வகை பரவ ஒருவரின் ரத்தம் இன்னொருவரின் ரத்தத்தில் கலக்க வேண்டும். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, சிரிஞ்சு, பல் மருத்துவக் கருவிகள், டயாலிசிஸ், பரிசோதிக்காமல் ஏற்றிய ரத்தம், போதை மருந்துக்குப் பகிர்ந்துகொள்ளும் ஊசி, திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் ஊருக்கே குத்தும் பச்சை, மாற்றாத சவர பிளேடு ஆகியவை முக்கிய வழிகள். தொற்று உள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்கு வருவது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தாறு. கணவன் மனைவிக்குள் உடலுறவால் பரவுவது அரிது, எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தாலோ ரத்தம் படும் வாய்ப்பிருந்தாலோ அபாயம் கூடும், அப்போது ஆணுறை தேவை.

அம்மாவுக்கு எப்படி வந்தது? மருத்துவர் அமைதியாக ஒவ்வொன்றாகக் கேட்டபோது இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, 1988-இல் என் தங்கை பிறந்தபோது ஏற்றிய இரண்டு பாட்டில் ரத்தம். இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். நம் நாட்டு ரத்த வங்கிகளில் இதற்கான சோதனை கட்டாயமானது 2001 வாக்கில். இன்னொன்று, அம்மா சொல்லக் கேட்டது: அக்காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியில் எனாமல் தட்டில் வெந்நீர் ஆவி பறக்கும், அதில் இரண்டே இரண்டு கண்ணாடி சிரிஞ்சுகள் கிடக்கும். காய்ச்சல் பருவத்தில் வராந்தா முழுக்க வரிசை நிற்கும். ஒருவருக்குப் போட்டதை வெந்நீரில் ஒரு முக்கு, பஞ்சால் ஒரு துடைப்பு, அடுத்தவர் கை. வெந்நீரில் முக்கி எடுப்பதால் இந்த வைரஸ் சாகாது. எது காரணம் என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. அதற்காகப் பழைய மனிதர்களைத் தேடிச் சண்டை போடவும் வேண்டாம். ஆனால் அந்த வரிசையில் நின்ற எல்லோருமே ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் தனியாக வைக்க வேண்டியவை இவ்வளவுதான்: சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி, இன்சுலின் ஊசி. கவாத்துக் கத்தி கையில் பட்டால் உடனே கழுவிப் பிளாஸ்திரி போட வேண்டும். அந்தக் கத்தியை அப்படியே அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது. காய்ந்த ரத்தத்திலும் வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை அணிந்து, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போதும்.

3. உடம்பு காட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம்

தொற்றியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குத் தொடக்கத்தில் ஓர் அறிகுறியும் இருக்காது. நீடித்துவிட்டால் இருபது ஆண்டுகள்கூடச் சத்தமில்லாமல் இருந்து, பிறகு கல்லீரல் சுருங்கி, வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுக்கும்போதுதான் தெரியும். நீடித்த தொற்றுள்ள நூறு பேரில் 15 முதல் 30 பேர் இருபது ஆண்டில் அந்த நிலைக்குப் போகிறார்கள். அம்மாவின் கண் மஞ்சளாகவே இல்லை. கண் புரை இல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

2001-க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஒருமுறையேனும் போதை ஊசி போட்டவர்கள், பழைய டிஸ்பென்சரிகளிலோ பட்டமில்லாத வைத்தியர்களிடமோ அடிக்கடி ஊசி போட்டவர்கள், சுகாதார ஊழியர்கள், மருத்துவக் கழிவு அள்ளும் துப்புரவுப் பணியாளர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், தொற்றுள்ள தாயின் பிள்ளைகள் ஆகியோர் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். நானும் தங்கையும் எடுத்தோம், இருவருக்கும் இல்லை. கைக்குழந்தைக்கு எதிர்பொருள் சோதனை என்றால் 18 மாதம் முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். அதற்கு முன் தாயின் எதிர்பொருளே குழந்தையின் ரத்தத்தில் இருந்து குழப்பும்.

4. ஆர்.என்.ஏ. சோதனை: வழியில் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இதை ‘எச்.சி.வி. ஆர்.என்.ஏ.’, ‘வைரல் லோடு’, ‘பி.சி.ஆர்.’ என்று மூன்று விதமாகவும் சொல்வார்கள். எழுதிக் கொடுக்கும்போது ‘குவான்டிடேட்டிவ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்; வைரஸ் இருக்கிறதா என்பதோடு எவ்வளவு இருக்கிறது என்றும் அது சொல்லும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிக் கண்ணி உண்டு. எதிர்பொருள் சோதனைக்கு விரல் நுனியில் ஒரு துளி போதும், இருபது நிமிடத்தில் முடிவு தெரியும். ஆர்.என்.ஏ. அப்படியன்று. ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றித் தெளிநீரைப் பிரித்து, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். தாமதமானால் வைரஸ் சிதைந்து, உண்மையான அளவைவிடக் குறைவாகக் காட்டும், அல்லது ஆய்வகமே மாதிரியைத் தள்ளிவிடும்.

எங்களுக்கு இரண்டாவது நடந்தது. ஒரு தனியார் ஆய்வகத்தின் ஆள் ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார். ஐஸ் பெட்டி இல்லை, தோள்பையில் குழாயைப் போட்டுக்கொண்டு போனார். அன்று மாலை பெய்த மழையில் பர்லியாறு பக்கம் மரம் சாய்ந்து பாதை அடைபட்டது. திங்கட்கிழமை, “மாதிரி சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும்” என்று தொலைபேசி வந்தது. கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பியது.

ஆகவே ரத்தம் கொடுக்கும் முன் கேளுங்கள்: சோதனை இங்கேயே நடக்கிறதா, கீழே போகிறதா? போகிறது என்றால் வண்டி எத்தனை மணிக்கு? இங்கேயே தெளிநீர் பிரிப்பீர்களா? திங்கள் முதல் வியாழனுக்குள், காலையில் கொடுப்பது பாதுகாப்பு. முடிந்தால் சோதனை நடக்கும் இடத்துக்கே போய்க் கொடுங்கள்.

இந்த இரண்டு சோதனைக்கும் வெறும் வயிறு தேவையில்லை. இதை யாரும் சொல்லாமல், குன்னூரிலிருந்து கல்லாறு வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் வெறும் வயிற்றோடு இறங்கி, அம்மா வழியெல்லாம் குமட்டலில் தவித்தார். சர்க்கரையோ கொழுப்போ சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு இரண்டில் ஒன்றாக வரும். ‘நாட் டிடெக்டெட்’ என்றால் இப்போது வைரஸ் இல்லை. சமீபத்தில் தொற்றியிருக்கும் சந்தேகம் இருந்தால் மட்டும் சில மாதம் கழித்து ஒருமுறை உறுதிசெய்யச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு மருந்தும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். எண்ணோடு ‘டிடெக்டெட்’ என்றால் சிகிச்சை தேவை. எண் இலட்சக்கணக்கில் இருக்கும், பயப்படாதீர்கள். எண் பெரிதாக இருப்பதால் கல்லீரல் அதிகம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கல்லீரலின் நிலையை அறிய வேறு சோதனைகள் இருக்கின்றன.

5. எங்கே போவது, என்ன கொண்டுபோவது

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஹெபடைடிஸ் சி சோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம். வருமானச் சான்று தேவையில்லை. எங்களுக்கு இது தெரியவந்ததே மூன்றாவது மாதத்தில்தான்.

முதல் கதவாக உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கே போங்கள். குன்னூரில் லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகள், ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு எடுத்து, பொது மருத்துவப் பிரிவில் அந்த ‘ரியாக்டிவ்’ சீட்டைக் காட்டி, “ஹெபடைடிஸ் திட்டத்தில் ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும், எங்கே எழுதித் தருவீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள். “மஞ்சள் காமாலை டெஸ்ட்” என்று பொதுவாகக் கேட்டால் வேறு வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த மையம் என்று விசாரிக்க 104 என்ற எண்ணில் தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி மையத்தையும் அழைக்கலாம்.

எங்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போவதானால் குன்னூரில் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள். கோவையில் மேட்டுப்பாளையம் சாலைப் பஸ் நிலையத்தில் இறங்கி, நகரப் பஸ்ஸில் ரயில் நிலையம் பக்கம் போக வேண்டும். மருத்துவமனை திருச்சி சாலையில் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் மருத்துவரைப் பார்க்கலாம், ஆனால் அன்றைக்கே ரத்தம் கொடுக்க முடியாமல் போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா நெரிசலுக்காகப் போக்குவரத்தை ஒருவழியாக்கி, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்புவதுண்டு. அந்த மாதங்களில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் மண்சரிவு பற்றிக் காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அட்டை, குடும்ப அட்டை, ‘ரியாக்டிவ்’ வந்த சீட்டின் அசல், எல்லாவற்றிலும் மூன்று நகல்கள், பழைய அறுவைச் சிகிச்சை அல்லது பிரசவத்தின் வெளியேற்றச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி) இருந்தால் அது, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். மாத்திரைப் பெயரை மனப்பாடமாகச் சொல்ல வேண்டாம், அட்டையையே எடுத்துப் போங்கள்.

பெயரில் கவனம். அம்மாவின் ஆதாரில் கணவர் பெயர் முதலெழுத்து, ஆய்வகச் சீட்டில் தந்தை பெயர் முதலெழுத்து. “இது யாருடைய ரிப்போர்ட்?” என்று கேட்டு ஒரு முழு நாள் வீணாயிற்று. முதல் சோதனைக்குப் பெயர் கொடுக்கும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். திட்டத்தில் பதிந்ததும் ஓர் அடையாள எண் தருவார்கள். அதைச் சீட்டில் மட்டும் வைத்திருக்காமல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பு எண்ணாகத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். அம்மாவின் எண்ணைக் கொடுத்ததால், ‘முடிவு வந்துவிட்டது’ என்ற அழைப்பு எங்களுக்குப் பன்னிரண்டு நாள் தெரியாமலே போயிற்று.

நோயின் பெயரைத் தோட்ட அலுவலகத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தேதியுடன் கூடிய புறநோயாளிச் சீட்டையோ, ‘சிகிச்சைக்கு வந்திருந்தார்’ என்று மட்டும் எழுதிய சான்றையோ விடுப்புக்குக் கொடுத்தால் போதும் என்று மருத்துவரே எங்களிடம் சொன்னார்.

6. செலவு

அரசு மையத்தில் சோதனைக்கும் மருந்துக்கும் நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. பஸ், சாப்பாடு, நகல் எல்லாம் சேர்த்துக் கோவைப் பயணம் ஒன்றுக்கு இரண்டு பேருக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஆனது. மாவட்டத்துக்குள் ஓடும் சாதாரணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை, கோவைப் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். தனியாரில் நாங்கள் வீணாக்கியது: எதிர்பொருள் சோதனை மூன்று முறை, சராசரியாக 700 ரூபாய், கெட்டுப்போன ஆர்.என்.ஏ.வுக்குத் திரும்பாத 2,250 ரூபாய். இடம் மாறினால் இந்தத் தொகைகளும் மாறும். அம்மா இழந்த கூலி நாட்கள் தனி.

7. மருந்து தொடங்கும் முன்

கல்லீரல் நொதிகள், ரத்தத் தட்டணுக்கள், சிறுநீரகம், வயிற்று ஸ்கேன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கல்லீரல் சுருக்கம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்று முடிவாகும். ஹெபடைடிஸ் பி சோதனையும் கட்டாயம் நடந்திருக்க வேண்டும். பி இருப்பது தெரியாமல் சி-க்கு மருந்து கொடுத்தால் பி விழித்துக்கொண்டு கல்லீரலைத் தாக்கக்கூடும். யாரும் எடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

சாப்பிடும் மருந்து ஒன்றையும் மறைக்காதீர்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபின் ஆகியவை ஹெபடைடிஸ் சி மாத்திரைகளோடு சேரக் கூடாதவை. நெஞ்செரிச்சலுக்கு வாங்கித் தின்னும் பான்டோபிரசோல், ஓமிபிரசோல் போன்றவை, ஹெபடைடிஸ் சி மருந்துகளில் ஒன்றான வெல்பாடாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். கர்ப்பமாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

கீழாநெல்லி பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மண்டலம் கொடுத்தோம், உப்பில்லாப் பத்தியத்தோடு. அம்மா நான்கு கிலோ இளைத்தார், வைரஸ் இளைக்கவில்லை. அன்போடு கொடுத்த பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வைரஸை ரத்தத்திலிருந்து நீக்குவது இந்த மாத்திரைகள்தான், அந்த 48 நாளும் எங்களுக்கு வீணாகப் போனது.

8. 84 நாட்கள்

கல்லீரல் சுருக்கம் இல்லாததால் அம்மாவுக்கு சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்ளடாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒருமுறை, 12 வாரம். சுருக்கம் இருப்பவர்களுக்கு வேறு சேர்க்கை தருவார்கள், சிலருக்கு 24 வாரம்கூட ஆகும். முழுமையாகச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

ஒரு டப்பாவில் 28 மாத்திரை. டப்பா தீரும் நாளில் போகலாம் என்று இருக்காதீர்கள், மழைக்காலத்தில் பாதை நம் கையில் இல்லை. அடுத்த டப்பாவை நான்கைந்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள். அம்மா மாதக் காலண்டரில் தேதி ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பொட்டு வைத்தார். பொட்டு இல்லாத தேதி என்றால் மாத்திரை சாப்பிடவில்லை என்று பேரன் ஓடிவந்து சொல்லிவிடுவான். ஒருநாள் மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. லேசான தலைவலியும் அசதியும் முதல் இரண்டு வாரம் இருந்தன, வேலைக்குப் போய்க்கொண்டே சாப்பிட்டார். மதுவை மட்டும் அறவே நிறுத்த வேண்டும், மாத்திரை முடிந்த பிறகும்.

9. மாத்திரை தீர்ந்த அன்று முடியவில்லை

கடைசி மாத்திரைக்குப் பின் சரியாக 12 வாரம் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும். அதில் ‘நாட் டிடெக்டெட்’ வந்தால்தான் குணம் என்று பதிவார்கள். பலர் உடம்பு நன்றாக இருக்கிறதென்று இதற்குப் போவதே இல்லை. கடைசி டப்பா வாங்கும்போதே அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இதற்குப் பிறகும் எதிர்பொருள் சோதனை ‘ரியாக்டிவ்’ என்றுதான் காட்டும். வெளிநாட்டு வேலைக்கான உடல்தகுதிச் சோதனையில் இதைப் பார்ப்பதுண்டு, அடுத்த அறுவைச் சிகிச்சையிலும் பார்ப்பார்கள். அதனால் கடைசி ஆர்.என்.ஏ. முடிவுத் தாளே உங்கள் சான்று. ஆய்வகத் தாளின் மை மங்கிவிடும், அன்றே நகல் எடுத்துவிடுங்கள். ரத்த தானம் மட்டும் இனிச் செய்ய முடியாது. குணமானாலும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, மறுபடி தொற்றலாம். சி-க்குத் தடுப்பூசியும் இல்லை. ஏ-க்கும் பி-க்கும் உண்டு, அவற்றைப் போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரல் சுருக்கம் ஏற்கெனவே வந்தவர்கள் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மாவின் முடிவு வந்த வாரம், கண் அறுவைக்காகப் பழைய இடத்துக்கே போனோம். மறுபடியும் அதே சோதனை, அதே ‘ரியாக்டிவ்’, அதே சிவப்புப் பேனா. இந்த முறை ஆர்.என்.ஏ. தாளின் நகலை மேலே வைத்துக் கொடுத்தோம். மருத்துவர் படித்துவிட்டு அடுத்த புதன்கிழமைக்குத் தேதி எழுதினார்.